கேமில் கியரை நாமே மாற்றுவது: எது நிஜம், எது நியாயம் – முழுமையான வழிகாட்டி

ஒரு கார் பந்தய கேம். ஒரே கார், ஒரே டிராக், ஒரே டயர். இரண்டு பேர் ஒரு வளைவிலிருந்து ஒரே வேகத்தில் வெளியே வருகிறார்கள். அந்த நேர்ச்சாலை முடிவதற்குள் ஒருவர் ஒரு கார் நீளத்துக்கு மேல் முன்னால் போய்விடுகிறார். பின்தங்கியவர் ஓட்டியதில் எந்தத் தப்பும் இல்லை. அவர் செட்டிங்ஸில் ‘மேனுவல்’ என்று வைத்திருந்தார், முன்னால் போனவர் ‘கிளட்சுடன் மேனுவல்’ என்று வைத்திருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்படிப் பின்தங்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு வாரம் முழுக்க என் ஓட்டத்தில்தான் குறை என்று நினைத்து அதே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கியர் மாற்றத்தை அளந்து பார்க்கத் தொடங்கினேன். அந்த வாரத்தை நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். கியர் மாற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அந்தக் கார் தீர்மானிக்க வேண்டும். நம் கையில் இருக்கும் கருவியோ, மெனுவில் போட்ட டிக்கோ அதைத் தீர்மானித்தால் நிஜமும் கெடும், நியாயமும் கெடும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த அளவுகோலிலிருந்துதான் வருகிறது.

ஒரு கியர் மாற்றத்தில் எவ்வளவு போகும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கியர் மாறும்போது என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான தொடர்பு கொஞ்ச நேரம் அறுந்துபோகும். அந்த நேரத்தில் கார் வேகம் எடுக்காது. காற்றின் எதிர்ப்பால் கொஞ்சம் வேகம் குறையவும் செய்யும்.

மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. அது வினாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கியர் மாற்றம் 0.3 வினாடி எடுத்தால், வினாடிக்கு 1.2 மீட்டர் வேகம் கைக்கு வராமல் போகிறது. அடுத்த பிரேக் புள்ளி 6 வினாடி தூரத்தில் இருந்தால், அந்த இடைவெளி சுமார் 7 மீட்டராக வளர்ந்துவிடும். 0.1 வினாடியில் கியர் மாற்றுபவர் இழப்பது 2.4 மீட்டர்தான். ஒரே ஒரு மாற்றத்தில் இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட 5 மீட்டர், அதாவது ஒரு கார் நீளம்.

வேகம் கூடக்கூட வேக எடுப்பு குறையும் என்பதால், நிஜக் கணக்கில் இது கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் ஒரு சுற்றில் இருபது தடவை மேல் கியருக்குப் போகும் டிராக்கை நினைத்துப் பாருங்கள். இதைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது.

படி 1: காரில் எந்த கியர்பாக்ஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எது நிஜம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் காரின் நிஜம் என்று கேட்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவதால்தான் பாதி விவாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை.

பழைய சாலைக் கார்களில் இருப்பது எச் வடிவ கியர் லீவர். கிளட்ச் பெடலை மிதித்து, லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து, அடுத்த இடத்தில் போட வேண்டும். உள்ளே சிங்க்ரோ வளையங்கள் இருக்கும். இரண்டு பக்கச் சுழற்சி வேகமும் ஒன்றாகும்வரை அவை பல்லைப் பல்லோடு சேர விடாது. அதனால்தான் சாலைக் காரில் லீவரை அவசரமாகத் தள்ளினால் அது கையை எதிர்க்கிறது. பந்தயத்துக்காகச் செய்த எச் வடிவ கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் சிங்க்ரோ கிடையாது. அவற்றில் இருப்பது டாக் கியர்: பெரிய பற்கள், நடுவில் தாராளமான இடைவெளி. ஆக்சிலரேட்டரைக் கணநேரம் தளர்த்தினால் கிளட்ச் இல்லாமலே மேல் கியர் விழும். தயங்கித் தயங்கித் தள்ளினால் பற்கள் உராய்ந்து கெட்டுப்போகும்.

அடுத்தது சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ். இதில் லீவரை முன்னும் பின்னும் மட்டும்தான் தள்ள முடியும், கியர்கள் வரிசையாகவே மாறும். ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் பந்தயத்தில் இதுதான் பழக்கம். அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார்கள் 2021 வரை நான்கு கியர் எச் வடிவத்தில் ஓடின, 2022-இல் வந்த புதிய கார் ஐந்து கியர் சீக்வென்ஷியலுக்கு மாறியது. அதே 2022-இல் உலக ராலியில் நேர்மாறாக நடந்தது. முந்தைய கார்களில் ஸ்டீரிங்குக்குப் பின்னால், விரலால் இழுத்து கியர் மாற்றும் பேடில் இருந்தது. புதிய ராலி1 கார்கள் ஐந்து கியர் லீவருக்குத் திரும்பிவிட்டன. புதிய கார் என்றாலே பேடில்தான் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஃபார்முலா 1 பந்தயங்களில் பேடிலின் கதை 1989-இல் தொடங்குகிறது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த, பேடில் வைத்த ஃபெராரி 640, அந்த வருடம் பிரேசில் கிராண்ட் பிரீயில் முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் கையில் ஜெயித்தது. ஆனால் எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. 1991-இல் அயர்டன் சென்னா சாம்பியன் ஆன மெக்லாரன் எம்பி4/6 கையால் கியர் மாற்றும் கார். கையால் கியர் மாற்றி ஃபார்முலா 1 பட்டம் வென்ற கடைசிக் காரும் அதுதான். அந்த வருடம் பிரேசிலில் சென்னாவின் கியர்பாக்ஸ் ஒவ்வொரு கியராகக் கைவிட, கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி ஜெயித்தார். அரைத் தானியங்கி கியர்பாக்ஸோடு அவரைத் துரத்திய மேன்செலின் வில்லியம்ஸ் கியர்பாக்ஸ் பழுதால் அதே பந்தயத்தில் விலகியது. எந்தக் கேமிலும் நான் இன்னும் முழுசாக அனுபவிக்காதது இதைத்தான்: கியர்பாக்ஸ் என்பது தேய்கிற, உடைகிற ஒரு பொருள்.

கடைசியாக இரட்டை கிளட்ச். அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றொன்று பிடிக்கும். 1980-களில் போர்ஷே இதைப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 மூலம் விற்பனைக்கான சாலைக் காரில் வந்தது. 2007-இன் நிஸ்ஸான் ஜிடி-ஆர் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. ஒற்றை கிளட்சிலும் வேகம் வரும்: அதே 2007-இல் வந்த ஃபெராரி 430 ஸ்கூடெரியாவுக்கு நிறுவனம் சொன்ன கியர் மாற்ற நேரம் 60 மில்லி வினாடி.

ஆகவே கேமில் ஒரு ஜிடி3 காரை (ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாக வைத்துச் செய்த பந்தயக் கார் வகை) எச் ஷிஃப்டர், அதாவது எச் வடிவ லீவர் கருவி, வைத்து ஓட்டினால் அது ‘அதிக நிஜம்’ ஆகிவிடாது. அந்தக் காரில் பேடில்தான் இருக்கிறது. அதேபோல 1967-இன் ஃபார்முலா 1 காரான லோட்டஸ் 49-ஐப் பேடிலில் ஓட்டினால், அந்தக் காரின் பாதி வேலையை நீங்கள் செய்யவே இல்லை.

படி 2: மெனுவில் எழுதியிருப்பதன் அர்த்தம்

பெரும்பாலான கேம்களில் மூன்று நிலைகள் இருக்கும்: ஆட்டோமேட்டிக், மேனுவல், கிளட்சுடன் மேனுவல். சிமுலேட்டர் வகைக் கேம்களில் இதையே துண்டு துண்டாகப் பிரித்து ஆட்டோ ஷிஃப்ட், ஆட்டோ கிளட்ச், ஆட்டோ பிளிப் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். பிளிப் என்றால் கீழ் கியருக்கு வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜின் சுழற்சியை உயர்த்துவது.

ஆட்டோமேட்டிக் ஏன் மெதுவாக இருக்கிறது? கியர் மாறும் நேரம் காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம், கேமுக்கு முன்னால் வரும் வளைவு தெரியாது. என்ஜின் வேகம் ஏறினால் மேல் கியர், இறங்கினால் கீழ் கியர் என்று மட்டும் பார்க்கும். வளைவின் நடுவில், டயர் முழுப் பிடிப்பில் இருக்கும்போது மேல் கியர் போட்டுக் காரை ஒரு ஆட்டு ஆட்டிவிடும். வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சரியான கியர் இருக்காது. நீங்கள் சாதாரண மேனுவலுக்கு மாறினாலே இந்தக் குறை போய்விடும். அந்த முன்னேற்றம் நியாயமானது. நீங்கள் ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்கிறீர்கள், அதற்குப் பலன் கிடைக்கிறது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஃபோர்ஸா என்ற பந்தய கேம் தொடரில், கிளட்சுடன் மேனுவல் வைத்து கிளட்ச் பட்டனையும் கியர் பட்டனையும் அடுத்தடுத்து அழுத்தினால், சாதாரண மேனுவலைவிட வேகமாக கியர் மாறும். இது அந்த ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். கிளட்ச் பெடலே இல்லாத பேடில் கார்களிலும் இது நடக்கிறது. பழைய எச் வடிவக் காரில் கிளட்சை நாமே இயக்கி வேகம் பெறுவதற்காவது ஒரு நியாயம் சொல்லலாம். காரில் இல்லாத பெடலை மிதித்து வேகம் பெறுவதற்கு நிஜத்தில் இடமே இல்லை. என் கருத்தில் இது ஓட்டும் திறமையை அளக்கவில்லை, மெனுவைப் பற்றிய அறிவை அளக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2014-இல் வெளிவந்த அசெட்டோ கோர்ஸா என்ற சிமுலேட்டர் கேமைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு காரின் தரவிலும் மேல் கியருக்கு எத்தனை மில்லி வினாடி, கீழ் கியருக்கு எத்தனை, அந்தக் காருக்கு எச் ஷிஃப்டர் பொருந்துமா, எவ்வளவு என்ஜின் வேக வித்தியாசம் வரை கியர் விழும் என்றெல்லாம் தனித்தனி எண்கள் உண்டு. பேடிலில் ஓட்டினாலும் அந்தக் காரின் நேரம்தான் ஆகும். நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு மிக அருகில் வருவது இந்த வழிதான்.

படி 3: நீங்களே அளந்து பாருங்கள்

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். கேம் அப்டேட் ஆகும்போது இந்த எண்கள் மாறலாம். அளப்பது கஷ்டமும் இல்லை.

ஒரு காரையும் நீளமான நேர்ச்சாலை உள்ள ஒரு டிராக்கையும் தேர்ந்தெடுங்கள். வானிலை, எரிபொருள் அளவு, டயர் தேய்மானம் எல்லாவற்றையும் நிலையாக வையுங்கள். திரையை 60 ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்யுங்கள். அப்புறம் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது) காட்டும் முள் விழத் தொடங்கும் ஃபிரேமிலிருந்து புதிய கியரில் அது மறுபடி ஏறத் தொடங்கும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். 60 ஃபிரேம் பதிவில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி வினாடி. 12 ஃபிரேம் வந்தால் 200 மில்லி வினாடி. 30 ஃபிரேம் பதிவில் ஒரு ஃபிரேமே 33 மில்லி வினாடி ஆகிவிடும். வேகமான கியர்பாக்ஸை அளக்க அது போதாது.

ஆட்டோமேட்டிக், மேனுவல், கிளட்சுடன் மேனுவல் என ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து மாற்றங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். இரண்டாவதிலிருந்து மூன்றுக்குப் போவதும், நான்கிலிருந்து ஐந்துக்குப் போவதும் தனித்தனியாக இருக்கட்டும்.

ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. சில கேம்களில் முள் ஒரு மாதிரி ஓடும், உள்ளே இழுவை வேறு மாதிரி வரும். அதனால் இரண்டாவது சோதனையும் செய்யுங்கள். நின்ற நிலையில் தொடங்கினால் கிளம்பும் விதம் முடிவைக் கலைத்துவிடும். எனவே இரண்டாவது கியரில் ஒரே சீரான வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து, ஒரு குறிப்பிட்ட பலகையைத் தாண்டும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். நேர்ச்சாலையின் முடிவில் இன்னொரு பலகையைத் தாண்டும்போது என்ன வேகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெனு நிலையை மாற்றும்போது இந்த வேகமும் மாறினால், கியர் மாற்ற முறைதான் உங்களுக்கு வேகம் தருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விடாமலே கியரை மாற்றிப் பாருங்கள். மேல் கியர் எந்தத் தண்டனையும் இல்லாமல் விழுந்தால், அந்தக் கேம் அந்தக் காருக்கு இழுவையைத் தானே வெட்டிக் கொடுக்கிறது என்று அர்த்தம். நவீன பேடில் காரில் அது சரி, நிஜக் காரிலும் கணினி அதைத்தான் செய்கிறது. பழைய எச் வடிவக் காரில் அப்படி நடந்தால், அங்கே நிஜம் தளர்ந்திருக்கிறது.

படி 4: மேல் கியருக்கு எப்போது போவது

ரெட்லைனை, அதாவது என்ஜின் சுழற்சியின் உச்ச எல்லையை, தொட்டதும் மாற்று என்பது பலருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை. பல கார்களில் அது சரியாகவே வரும், சிலவற்றில் நேரத்தைத் தின்னும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நொடியில் சக்கரத்துக்குப் போகும் இழுவை இந்த கியரில் அதிகமா, அடுத்த கியரில் அதிகமா?

ஒரு காரில் மூன்றாவது கியர் விகிதம் 1.40, நான்காவது 1.10 என்று வைத்துக்கொள்வோம். 7000 ஆர்பிஎம்மில் மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் என்ஜின் 5500-க்கு இறங்கும். 7000-இல் டார்க் (என்ஜினின் திருகு விசை) 300 நியூட்டன் மீட்டர் என்றால், விகிதத்தால் பெருக்கினால் 420. 5500-இல் டார்க் 360 என்றால் 396. மூன்றாவது கியரே இன்னும் பலமாக இழுக்கிறது, மாற்றக் கூடாது. 7400-இல் டார்க் 270-ஆக விழுந்துவிட்டது என்றால் 378 வரும். அங்கே மாற்றினால் என்ஜின் 5814-க்கு இறங்கும், அங்கே 355 இருந்தால் 390. இப்போது நான்காவது கியர் முந்துகிறது. ஆக, மாற்ற வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

காரின் டார்க் வரைபடத்தைக் காட்டும் கேம்களில் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிடலாம். காட்டாத கேமில், முந்தைய படியின் பலகைச் சோதனையையே 6800, 7000, 7200 என்று வெவ்வேறு இடங்களில் மாற்றிச் செய்து பாருங்கள். டர்போ என்ஜின்களில் பெரும்பாலும் ரெட்லைனுக்கு முன்பே பலம் குறைந்துவிடும்.

எண் தெரிந்த பிறகு அதைக் காதுக்குப் பழக்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் சாலையைப் பார்க்க முடியாது. மற்ற சத்தங்களைக் குறைத்து என்ஜின் சத்தத்தை ஏற்றி வைத்துப் பத்துச் சுற்று ஓட்டினால், கை தானாக அந்தச் சத்தத்துக்கு நகரத் தொடங்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது, டயர் பிடிப்பின் எல்லையில் இருந்தால், கணக்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்பே மேல் கியர் போடுவது நல்லது. இழுவை குறைந்து பின்சக்கரம் அமைதியாகும்.

படி 5: கீழ் கியர்

கையால் கியர் மாற்றுவதில் உண்மையான கலை இருப்பது இங்கேதான். கேம்கள் மிக அதிகமாக விட்டுக்கொடுப்பதும் இங்கேதான்.

மேலே சொன்ன அதே காரில், நான்காவது கியரில் 5000 ஆர்பிஎம்மில் போகிறீர்கள். அதே வேகத்தில் மூன்றாவதுக்கு வந்தால் என்ஜின் சுமார் 6360-இல் சுழல வேண்டும். அந்த 1360-ஐ யார் ஏற்றுவது? நீங்கள் பிளிப் கொடுத்து ஏற்றினால் கார் அசையாமல் போகும். கொடுக்காவிட்டால் சக்கரம்தான் என்ஜினை இழுத்து ஏற்ற வேண்டும். பின்சக்கர இழுவைக் காரில் அந்தக் கணத்தில் பின்டயர் பிடிப்பை இழக்கும். வளைவுக்குள் ஸ்டீரிங் திருப்பியிருந்தால் கார் சுழன்றுவிடும்.

இதற்காகத்தான் குதிகால்-விரல் உத்தி. வலது காலின் முன்பாதம் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, அதே காலின் ஓரமோ குதிகாலோ ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். இடது கால் கிளட்சில் இருக்கும். வரிசை இப்படி: பிரேக்கை அழுத்து, கிளட்சை மிதி, லீவரை நகர்த்து, பிளிப் கொடு, கிளட்சை விடு. பிரேக் அழுத்தம் இந்த நேரம் முழுக்க மாறவே கூடாது. தொடங்குபவர்கள் எல்லோருமே பிளிப் கொடுக்கும்போது பிரேக்கையும் சேர்த்து அமுக்கிவிடுவார்கள். திரையில் பெடல் அழுத்தத்தைக் காட்டும் பட்டைகள் இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொண்டே பழகுங்கள். பிரேக் பட்டை ஆடாமல் ஆக்சிலரேட்டர் பட்டை மட்டும் துள்ள வேண்டும். கேம் பெடல்களில் பிரேக் ஆழமாக இறங்குவதால், அழுத்திய நிலையில் அது ஆக்சிலரேட்டரின் உயரத்துக்கு வருமாறு பெடல் தட்டுகளைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

பேடில் கார்களில் நிஜத்திலும் கணினியே பிளிப் கொடுக்கிறது. அவற்றில் ஆட்டோ பிளிப் வைத்து ஓட்ட வெட்கப்பட வேண்டியதில்லை.

இப்போது விட்டுக்கொடுப்பதைப் பற்றி. சேதம் கணக்கிடாத கேம்களில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது: பிரேக் பிடிக்கும்போது கியர்களை மடமடவென்று முதல் கியர் வரை தட்டிவிடுவது. என்ஜின் கத்தும், கார் சீக்கிரம் நிற்கும். நிஜத்தில் என்ன ஆகும்? என்ஜின் தாங்காத கீழ் கியர் விழுந்தால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம்: அதே காரில் மூன்றாவதிலிருந்து நான்குக்குப் போக நினைத்து, 7200-இல் தவறிப்போய் 1.90 விகிதமுள்ள இரண்டாவதில் லீவரைப் போட்டால், கிளட்ச் விட்டதும் என்ஜின் 9770-க்குத் தள்ளப்படும். என்ஜின் வேகத்தை எல்லைக்குள் வைக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் வெட்டும், சக்கரம் பின்னாலிருந்து சுழற்றுவதைத் தடுக்காது. வால்வுகள் பிஸ்டனில் மோதலாம், கனெக்டிங் ராட் உடையலாம். நவீன பேடில் கார்களில் அந்தக் கட்டளையைக் கணினி ஏற்கவே ஏற்காது. கேம் இந்த இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: எச் வடிவக் காரில் என்ஜினை உடைக்க வேண்டும், பேடில் காரில் மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், மெதுவாக ஒழுங்காக இறங்குபவர் தோற்பார்.

பிரேக்கே நான்கு டயரையும் பிடிப்பின் எல்லைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு வலுவாக இருந்தால், என்ஜின் பிரேக்கிங் கூடுதலாக எதையும் நிறுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பின்சக்கர இழுவைக் காரில் அது செய்வதெல்லாம் பிரேக் சுமையைப் பின்பக்கம் நகர்த்துவது. கியரைத் தட்டினால் கேமில் கார் நன்றாக நிற்கிறது என்றால், பிரேக் பயாஸை (முன்-பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக் பிரியும் பங்கை) ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் பின்னால் நகர்த்திப் பாருங்கள். அதே பலன் ஒழுங்கான வழியில் கிடைத்துவிடும்.

படி 6: எச் ஷிஃப்டரும் கிளட்ச் பெடலும்

2006-இல் வந்த லாஜிடெக் ஜி25 என்ற கேம் ஸ்டீரிங், ஆறு கியர் எச் ஷிஃப்டரையும் மூன்று பெடல்களையும் ஒரே தொகுப்பில் தந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் அதே ஷிஃப்டர் சீக்வென்ஷியலாகவும் மாறும். இன்று எச் ஷிஃப்டரைத் தனியாகவும் வாங்கலாம். வாங்கியவுடன் பந்தயத்தில் இறங்கிவிடாதீர்கள்.

முதலில் கார் நின்றிருக்கும்போதே, திரையைப் பார்த்தபடி, கண்ணை லீவர் பக்கம் திருப்பாமல் ஒன்றிலிருந்து கடைசி கியர் வரை போய்த் திரும்பி வாருங்கள். லீவரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முன்பக்கம் இருக்கும் கியர்களுக்கு உள்ளங்கையால் தள்ளுங்கள், பின்பக்கம் இருக்கும் கியர்களுக்கு விரல்களால் இழுங்கள். மூன்றிலிருந்து நான்குக்கு நேராக இழுத்தால் போதும், பக்கவாட்டில் அழுத்தவே கூடாது. நடுவில் இருக்கும் ஸ்பிரிங் தானே வழி காட்டும். லீவரை இரண்டாவதில் போடும் விபத்து பெரும்பாலும் இறுக்கிப் பிடித்த கையால்தான் நடக்கிறது.

அப்புறம் பலம் குறைந்த, மெதுவான ஒரு சாலைக் காரில் தொடங்குங்கள். ஆட்டோ கிளட்சை அணைத்துவிடுங்கள். இதில் ஒரு சின்னக் கவனம்: சில கேம்கள் ஷிஃப்டர் நடுவுக்கு வந்தாலே கியரை விடுவித்துவிடும், கிளட்சைக் கேட்காது. பிளாஸ்டிக் லீவருக்குள் பற்கள் இல்லாததால் கைக்கும் எதிர்ப்பு தெரியாது. கிளட்ச் இல்லாமல் தள்ளும்போது கேம் உராய்வுச் சத்தம் எழுப்பி கியரை மறுத்தால் அந்தக் கேம் உங்களுக்குக் கற்றுத்தருகிறது. மறுக்காவிட்டால் உங்கள் கால்தான் ஒழுக்கத்தைக் காப்பாற்ற வேண்டும்.

கண்ட்ரோலர் வைத்து ஓட்டுபவர்கள் குறைவாக உணர வேண்டிய அவசியமே இல்லை. பேடிலும் கண்ட்ரோலர் பட்டனும் கேமுக்கு ஒரே மாதிரியான கட்டளைதான். கியர் பட்டன்களை, ஸ்டீரிங் திருப்பும் கட்டைவிரல் நகராமல் அழுத்தக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

படி 7: நண்பர்களோடு ஓட்டும்போது என்ன விதி போடுவது

தனியாக ஓட்டும்போது நிஜம்தான் கேள்வி. கூட ஒருவர் சேர்ந்ததும் நியாயம் முன்னால் வந்துவிடும். நான் கலந்துகொண்ட ஒரு சிறிய ஆன்லைன் தொடரில் விதித்தாளில் டயர், எரிபொருள், பெனால்டி எல்லாம் இருந்தது, கியர் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றாவது பந்தயத்திலேயே சண்டை வந்தது. அதனால் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

பேடில் கார்களை மட்டும் வைத்துத் தொடர் நடத்துவதுதான் எளிய வழி. ஜிடி3 போன்ற கார்களில் எல்லோருக்கும் ஒரே கட்டளை, ஒரே நேரம். கருவி எதுவாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் படி 3 சோதனையில் கிளட்ச் பட்டன் கூடுதல் வேகம் தருகிறது என்று தெரிந்தால், பேடில் கார்களில் கிளட்ச் பயன்பாட்டை எல்லோருக்கும் தடை செய்யுங்கள், அல்லது எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லி அனுமதியுங்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வேகம்தான் மோசமானது.

எச் வடிவக் கார்களில்தான் யோசிக்க வேண்டியிருக்கும். ஒருவர் லீவரை நகர்த்தி, மூன்று பெடலோடு போராடுகிறார். இன்னொருவர் அதே காரில் பட்டனைத் தட்டுகிறார். பட்டனுக்கு அந்தக் காருக்கே உரிய மாற்ற நேரம் வைத்திருக்கும் கேம் என்றால் இருவரும் சேர்ந்து ஓடலாம். கை வேகமானவர் அந்த நேரத்தை முந்தினால் அது அவருடைய உழைப்பு, முந்தட்டும். தவறான கியரில் போட்டு என்ஜினை உடைக்கும் ஆபத்தையும் அவர்தான் சுமக்கிறார். பட்டனுக்கு அப்படி நேரம் வைக்காத கேமில், எச் ஷிஃப்டர் உள்ளவர்களுக்குத் தனி வகுப்பு வையுங்கள். எல்லோரையும் ஷிஃப்டர் வாங்கச் சொல்லும் விதியை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கையால் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், காலைப் பயன்படுத்த முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆட்டோ கிளட்சும் ஆட்டோமேட்டிக்கும்தான் டிராக்குக்குள் வரும் வாசல். உதவி வசதிகளை மொத்தமாகத் தடை செய்வதற்கு முன்னால் அந்த உதவி உண்மையில் எவ்வளவு வேகம் தருகிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் அது வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். குறைக்கும் ஒன்றைத் தடை செய்து யாருக்கும் லாபமில்லை.

மேக்ரோவுக்கு மட்டும் இடமே வேண்டாம். கிளட்ச், கியர், ஆக்சிலரேட்டர் தளர்வு மூன்றையும் ஒரே பட்டனில் அடுக்கி, மில்லி வினாடிக் கணக்கில் அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. மாற்றுத்திறன் காரணமாக ஒருவருக்கு அது தேவைப்பட்டால் அவர் முன்கூட்டியே சொல்லட்டும், அந்த மேக்ரோவின் நேரத்தைக் காரின் சாதாரண நேரத்துக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் சேத செட்டிங். எச் வடிவக் கார் பந்தயத்தில் என்ஜின் சேதத்தைக் கண்டிப்பாக முழு அளவில் வையுங்கள். டயர் தேய்மானத்தை அணைத்தாலும் இதை அணைக்க வேண்டாம். முதல் பந்தயத்தில் பாதிப் பேர் என்ஜின் உடைந்து நிற்பார்கள், இது வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதை முன்பே எதிர்பார்த்து, புள்ளி கணக்கில் வராத ஒரு பயிற்சிப் பந்தயத்தை முதலில் நடத்துங்கள். இரண்டாவது பந்தயத்துக்குள் எல்லோரும் முதல் கியர் வரை தட்டுவதை நிறுத்திவிட்டு, பிரேக் பிடித்து வேகம் இறங்கிய பிறகு ஒவ்வொரு கியராக இறங்கத் தொடங்கியிருப்பார்கள்.